சுமையில் கை படும் முன்

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவும் கேள்வி பதில் பகுதியும் இங்கே விடப்பட்டுள்ளன.)



தொழிலகப் பாதுகாப்பு பற்றிப் பேச ஒருவரை அழைத்தால் அவர் தலைக்கவசத்தில் தொடங்கி, காலணி, கையுறை, மஞ்சள் மேலங்கி என்று வரிசையாகச் சொல்லி, விழிப்போடு இருங்கள் என்று முடிப்பார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆண்டுதோறும் மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று, கிடங்குகளின் வாசலில் பந்தல் போட்டு அப்படிப்பட்ட பேச்சுகள் நடக்கின்றன. உறுதிமொழி எடுக்கிறார்கள், இனிப்பு கொடுக்கிறார்கள். எடுத்தவர்கள் பிற்பகலில் போய் நிற்பது அதே மேடையில், அதே மூட்டைக்குக் கீழே. எனவே நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கிடங்கிலும், சரக்கு ஏற்றி இறக்கும் மேடையிலும் ஒருவருக்கு அடிபடுமா என்பது பெரும்பாலும் அவர் சுமையில் கை வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மேடையின் உயரத்தை வரைந்தவர், சாக்கின் எடையை நிர்ணயித்தவர், லாரி எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொன்னவர், கூலியை மூட்டைக்கு இவ்வளவு என்று பேசியவர்: இந்த நால்வரும் விபத்து நடக்கும் நேரத்தில் அங்கே இருக்க மாட்டார்கள். பதிவேட்டில் 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்திலும் அவர்கள் வர மாட்டார்கள். அந்தக் கட்டத்தில் வழக்கமாக எழுதப்படுவது, தொழிலாளியின் கவனக்குறைவு. அது பொய் என்று சொல்ல மாட்டேன். பத்து மணி நேரம் மூட்டை தூக்கியவருக்குக் கவனம் குறையத்தான் செய்யும். குறையும் என்று தெரிந்தும் அந்தக் கவனத்தை நம்பியே முழு ஏற்பாட்டையும் கட்டியவர் யார் என்பதே என் கேள்வி.

இதைத் தாம்பரத்தில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி மறைமலை நகர், மகேந்திரா சிட்டி வரை ஜி.எஸ்.டி. சாலையில் போய்வரும் நீங்கள் அந்தச் சாலையின் பக்கவாட்டு எப்படி மாறியது என்று பார்த்திருப்பீர்கள். மாற்றியது இன்னொரு ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-க்கு முன்பு, மாநில எல்லையைத் தாண்டி விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு; தன் சொந்தக் குடோனுக்குச் சரக்கை மாற்றிக்கொண்டால் அந்த வரி இல்லை. அதனால் நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் குடோன்கள் வைத்திருந்தன. சரக்கு, சேவை வரி வந்ததும் அந்தக் கணக்கு தீர்ந்தது. சின்னதை மூடிவிட்டுச் சாலை வசதியுள்ள இடத்தில் பெரிதாக ஒன்று கட்டலாம் என்று ஆனது. அதே ஆண்டு நவம்பரில் சரக்குப் போக்குவரத்துத் துறைக்கு உட்கட்டமைப்புத் தகுதியும் கிடைத்தது. பெருங்களத்தூரில் தொடங்கும் பைபாஸ், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை, படப்பை வழியாக ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் போகும் சாலை ஆகிய மூன்றும் கூடும் நம் வட்டாரத்துக்குத் தகரக் கூரைகள் வந்து சேர்ந்தது இப்படித்தான். கூரைகளுக்கு அடியில் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஆட்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள்.

இனி என் கருத்துக்கான காரணங்களை எண்ணிட்டுச் சொல்கிறேன்.

1. மேடையின் உயரம்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பழைய பாதைகளின் ஓரம் சுமைதாங்கிக் கல் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். நட்ட கல் இரண்டு, மேலே கிடத்திய கல் ஒன்று. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வைப்பது மரபு. அதன் சோகத்தை நாம் பேசியிருக்கிறோம், அதன் பொறியியலைப் பேசியதில்லை. தலைச்சுமைக்காரர் குனியாமல், இன்னொருவர் துணையில்லாமல், சுமையை அப்படியே அதன்மேல் சாய்த்துவிடலாம். இளைப்பாறிய பின் அதே உயரத்திலிருந்து தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். தரையிலிருந்து தூக்கும் வேலையையே அந்தக் கல் இல்லாமல் செய்துவிடுகிறது. சுமப்பதைவிடத் தரையிலிருந்து எடுப்பதுதான் ஆளை ஒடிக்கும் என்று அதை நட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் லோடுமேன்களுக்கும் தெரியும். அரிசி லாரியில் சரக்கு இறக்கும்போது கவனியுங்கள். லாரியின் தட்டு ஏறக்குறைய தோள் உயரத்தில் இருக்கும். கீழே நிற்பவர் முதுகைக் காட்டிக் கொஞ்சம் சாய்ந்து நிற்பார். மேலே இருக்கும் இருவர் கொக்கியால் மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்து இழுத்து அவர் முதுகில் அமர்த்துவார்கள். சுமப்பவர் எதையும் தூக்குவதே இல்லை, வாங்கிக்கொள்கிறார். இறக்குவது லேசு, ஏற்றுவதுதான் இடுப்பை வாங்கும் என்று அவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். சுமப்பவர்களுக்கு நோவது கழுத்தும் முட்டியும். ஏற்றும்போது தரையிலிருந்து மூட்டையைத் தூக்கிவிடும் இருவருக்கு நோவது இடுப்பு.

இப்போது புதிய கிடங்கின் மேடைக்கு வாருங்கள். அது பெரும்பாலும் 4 அடி உயரம், கன்டெய்னர் டிரெய்லரை மனத்தில் வைத்துக் கட்டியது. ஆனால் அங்கே வந்து நிற்பவை எவை? டிரெய்லர் வருகிறது, டாரஸ் வருகிறது, ஐச்சர் வருகிறது, கடைகளுக்குப் பிரித்து அனுப்பக் குட்டியானை என்னும் சின்ன வண்டி வரிசையாக வருகிறது. குட்டியானையின் தட்டு மேடைக்கு வெகு கீழே கிடக்கும். மேடையில் இருப்பவர் குப்புற வளைந்து பெட்டியை நீட்ட, வண்டிக்குள் இருப்பவர் கையை மேலே நீட்டி வாங்கி, திரும்பி, குனிந்து வைக்கிறார். ஒரு பெட்டிக்கு இரண்டு முதுகு வளைகிறது. உயரத்தைச் சரிசெய்யும் இரும்புத் தட்டு, அதாவது டாக் லெவலர், போட்டாலும் இவ்வளவு பள்ளத்துக்கு அது எட்டாது. எட்டினாலும் சரிவு செங்குத்தாகி, தள்ளுவண்டி ஆளை இழுத்துக்கொண்டு போகும். சின்ன வண்டிக்குத் தாழ்வான தனி மேடை வேண்டும், அல்லது ஏறி இறங்கும் தூக்கு மேசை ஒன்று வேண்டும். கட்டும்போது செய்தால் அது இரண்டு வரிசைக் கான்கிரீட் வேலை. கட்டி முடித்த பிறகு செய்தால் தளத்தை உடைக்க வேண்டும். உடைக்க மாட்டார்கள்.

நிலத்தை உயர்த்தச் செலவாகும் என்று சில இடங்களில் மேடையைத் தரைமட்டத்தில் விட்டுவிட்டு, லாரி வந்து நிற்கும் இடத்தைப் பள்ளமாகத் தோண்டிவிடுகிறார்கள். வரைபடத்தில் உயரம் சரியாக வந்துவிடும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015 வெள்ளத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த ஊரில் இதைச் செய்கிறோம். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், சக்கரத்துக்கு வைக்கும் கட்டை வழுக்கும். சரிவில் பின்பக்கமாக இறங்கும் லாரியின் கூண்டு உச்சி, அதன் அடித்தட்டு மேடையைத் தொடும் முன்பே சுவரைத் தொட்டுவிடும். அதைத் தடுக்க ஓட்டுநர் வண்டியைச் சற்றுத் தள்ளியே நிறுத்துவார். அந்த இடைவெளியைப் பற்றி மூன்றாவதாகச் சொல்கிறேன்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மாதிரிக் கடைத்தெருக்களில் மேடையே கிடையாது. சாலையே மேடை, பின்னால் ஹாரன் அடிக்கும் பேருந்தே மேற்பார்வையாளர். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

2. எடை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 34, காயம் ஏற்படுத்தக்கூடிய அளவுக்குக் கனமான சுமையை எவரையும் தூக்க வைக்கக் கூடாது என்று சொல்லியது. எத்தனை கிலோ என்பதைச் சொல்லாமல் மாநில விதிகளிடம் விட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் இதற்கென ஒப்பந்தம் ஒன்றை, 127-ஆம் எண்ணில், நிறைவேற்றியது. அதோடு சேர்ந்த பரிந்துரை, வயது வந்த ஆணுக்கு 55 கிலோ என்று எழுதியது. இந்தியா அந்த ஒப்பந்தத்தை 2010-இல்தான் ஏற்றது. கேரளம் தன் சுமைத்தொழிலாளர் சட்டத்தில் 75 கிலோவாக இருந்த உச்சவரம்பை 55-ஆகக் குறைக்க 2021-இல் திருத்தம் கொண்டுவந்தது.

நம் ஊரில் ஒரு நல்ல மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. சர்க்கரை 100 கிலோ சாக்கில் வந்த காலம் ஒன்று இருந்தது, இன்று 50. எந்தத் தொழிலாளியும் ஒரு வகுப்புக்குப் போகவில்லை, எவரும் உறுதிமொழி எடுக்கவில்லை. சாக்கு சின்னதானது, முதுகில் பாதி பாரம் குறைந்தது. தடுப்பு என்று நான் சொல்வது இதைத்தான். சிமென்ட் மூட்டையும் இங்கே 50-இல்தான் நிற்கிறது, பிரிட்டனில் அது 25 கிலோ.

50 கிலோ 55-க்குள் அடங்குகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், தூக்கும் வேலைக்கென்று ஒரு சமன்பாடு வைத்திருக்கிறது. 1991-இல் திருத்திய அதன் கணக்குப்படி, எல்லாச் சூழ்நிலையும் மிகச் சாதகமாக இருந்தால் இரண்டு கையால் தூக்கத்தக்க எடை 23 கிலோ. சாதகம் என்றால் சுமை உடலை ஒட்டி, கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய 75 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், உடம்பைத் திருக்கக் கூடாது. சுமை 50 செ.மீ. தள்ளிப் போனால் 23 பாதியாகி 11.5 ஆகிறது. அதே பெட்டி தரையிலும் கிடந்தால் ஏறக்குறைய 9 கிலோவுக்கு வந்துவிடுகிறது. முதுகிலும் தலையிலும் சுமப்பதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தூக்கிவிடும் அந்த இருவருக்கும், இணைய வணிகக் கிடங்கில் கீழ்த்தட்டிலிருந்து பெட்டி எடுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். பெட்டியின் எடை மாறவே இல்லை. தட்டு எவ்வளவு ஆழம், எவ்வளவு தாழ்வு என்பது மட்டும் மாறியது. கனமான சரக்கை இடுப்பு உயரத் தட்டில் வைத்து, லேசானதைக் கீழும் மேலும் வைத்தால் ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி வலி போய்விடும். சரக்கை எங்கே வைப்பது என்று கணினிதான் முடிவு செய்கிறது. விற்பனை வேகத்தைப் பார்க்கும் அந்தக் கணினியை எடையையும் பார்க்கச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

கணினிக்கு எடை தெரியாதா? தெரியும். கூரியர் கட்டணம் போட ஒவ்வொரு பெட்டியும் நிறுக்கப்படுகிறது. எடை பட்டைக் கோட்டுக்குள் இருக்கிறது. இயந்திரம் படிக்கும், தூக்குபவர் கண்ணுக்குத் தெரியாது. பெரிய பெட்டி என்று மூச்சைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே தலையணை. சின்னப் பெட்டி என்று ஒரு கையால் இழுத்தால் உள்ளே இரும்பு. இந்த இரண்டாவதுதான் இடுப்பைப் பிடிக்கிறது. 1929-இலேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கப்பலில் போகும் 1000 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பொதிகளின்மேல் எடையைத் தெளிவாக எழுத வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தது. இந்தியா 1931-இல், வெள்ளையர் ஆட்சியிலேயே, அதை ஏற்றது. கிரேன் தூக்கும் பொதிக்குச் செய்த மரியாதையை மனிதர் தூக்கும் பெட்டிக்கும் செய்யலாம். 15 கிலோவுக்கு மேல் போனால் பெரிய எழுத்தில் எடை. 25-க்கு மேல் போனால் இரண்டு ஆள் படம். இந்தப் படத்தைத் தமிழிலும் ஒடியாவிலும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

3. லாரிக்கும் மேடைக்கும் நடுவில்

நம் சுற்றுவட்டாரக் கிடங்குகளில் நான் அதிகம் அஞ்சும் இடம் எது என்று கேட்டால் 20 அடி உயர ரேக்குகளைக் காட்ட மாட்டேன். லாரியின் பின்தட்டுக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே உள்ள அரையடியைக் காட்டுவேன்.

அதன்மேல் ஓர் இரும்புத் தகடு போடுவார்கள். ஹேண்ட் பேலட் வண்டியில் ஒரு டன் சரக்கோடு ஒருவர் பின்னோக்கி நடந்து இழுத்து வருவார். ஒவ்வொரு முறை வண்டி உள்ளே போய் நிற்கும்போதும் அந்த வேகம் லாரியை ஒரு நூல் முன்னால் தள்ளும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் பிரேக் போட்டால் தள்ளல் இன்னும் அதிகம். பத்து நடையில் இடைவெளி ஒரு சாண் ஆகிவிடும். தகட்டின் ஒரு நுனி லாரித் தட்டின்மேல் விரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பதினோராவது நடையில் தகடு சரியும், கால் உள்ளே போகும், ஒரு டன் மேலே வரும். அவர் பின்னோக்கி நடந்தவர். எதையும் பார்த்திருக்க முடியாது. பதிவேட்டில் எழுதப்படுவது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு மருந்து சக்கரத்துக்கு முன்னால் வைக்கும் கட்டை. மலையேறும் ஓட்டுநர்கள் எல்லோரும் கட்டை வைத்திருப்பார்கள். மேடையில் மட்டும் ஹேண்ட்பிரேக் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கட்டையைச் சங்கிலியோடு மேடைச் சுவரிலேயே மாட்டிவைத்தால் தேட வேண்டியதில்லை. தகட்டுக்கு அடியில் கீழ்நோக்கி இரண்டு இரும்புத் துண்டு வெல்டிங் வைத்தால் அது இடைவெளிக்குள் பூட்டிக்கொள்ளும், சரியாது. அருகிலுள்ள எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள்.

இதைவிடக் கொடுமையானது, உள்ளே ஆள் இருக்கும்போதே லாரி கிளம்பிவிடுவது. எவரோ பக்கவாட்டைத் தட்டுவார்கள், ஓட்டுநர் 'ரைட்' என்று எடுத்துக்கொள்வார். வெளிநாடுகளில் லாரியைக் கொக்கி போட்டு மேடையோடு பூட்டும் கருவி வைக்கிறார்கள், பூட்டியிருக்கும்போது உள்ளே பச்சை விளக்கு, வெளியே ஓட்டுநருக்குச் சிவப்பு விளக்கு. வசதியுள்ளவர்கள் அதை வைக்கட்டும். இல்லாதவர்கள் ஓர் ஆணி அடிக்கலாம். வண்டி நின்றதும் சாவி அந்த ஆணிக்கு வர வேண்டும்; கடைசி ஆள் வெளியே வந்து ஷட்டரை இறக்கிய பிறகுதான் அது ஓட்டுநர் கைக்குப் போக வேண்டும். இதைச் சொன்னால் ஓட்டுநர்கள் மறுக்கிறார்கள் என்று மேலாளர்கள் குறைப்படுவது உண்டு. மறுப்பார்கள்தான். ராத்திரி முழுதும் ஓட்டி வந்தவருக்குத் தூங்க கேபினைத் தவிர வேறு இடம் தரவில்லை. சாவியைப் பிடுங்கினால் மின்விசிறியும் போன் சார்ஜும் போகிறது. மின்விசிறி, கழிப்பறை, குடிநீரோடு ஓட்டுநருக்கு ஓர் அறை கொடுத்துவிட்டுச் சாவியைக் கேளுங்கள். பாதுகாப்புக் கருவிகளின் பட்டியலில் ஓட்டுநர் அறையை நான் முதல் ஐந்துக்குள் வைப்பேன்.

பின்னுக்கு எடுக்கும்போது 'வா... வா... வா...' என்று கையசைத்து நிற்கும் கிளீனர், கண்ணாடியில் தெரியாத பக்கத்தில், மேடைச் சுவருக்கு முன்னால்தான் நிற்கிறார். இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை, கிடங்கின் காவலாளியோ எவரோ அந்த வேலையைச் செய்கிறார். அவர் மேடையின்மேல், ஓட்டுநர் பக்கம் நிற்க வேண்டும். கீழே ஆள் நிற்கக் கூடாத இடத்தில் மஞ்சள் கட்டம் போட வேண்டும்.

இன்னொன்று, கன்டெய்னர் கதவு. வழியில் சாய்ந்துபோன சரக்கு கதவின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் விரியத் திறப்பவர் அதை மார்பில் வாங்கிக்கொள்வார். ஒரு கதவை மட்டும், அதன் பின்னால் ஒதுங்கி நின்று, பட்டையோ கயிறோ கட்டி மெதுவாகத் திறக்க வேண்டும்.

4. ஃபோர்க்லிஃப்ட்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி நிலையங்கள் இதை நன்றாகவே சொல்லித்தருகின்றன. இரண்டரை, மூன்று டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே ஏறக்குறைய 4 டன். பின்சக்கரத்தால் திரும்புவதால் திருப்பத்தில் அதன் பின்புறம் வெளியே வீசும். அந்த வீச்சில்தான் பக்கத்தில் நடந்து போகிறவர் மாட்டுகிறார். கவிழும்போது ஓட்டுபவர் வெளியே குதித்தால் கூரைச் சட்டம் அவர்மேல் விழும், பெல்ட்டோடு உள்ளேயே இருப்பவர் பிழைக்க வாய்ப்பு அதிகம். இவை எல்லாம் பயிற்சியில் உண்டு. பயிற்சியால் தீராதது ஒன்று: பல கிடங்குகளில் மனிதர் நடக்க ஒரு வாசலும் வண்டி போக ஒரு வாசலும் தனித்தனியாக இல்லை. தேநீருக்குப் போகிற வழியும் பேலட் வருகிற வழியும் ஒன்றாக இருந்தால் தரையில் எவ்வளவு மஞ்சள் கோடு போட்டாலும் பயனில்லை.

5. கடிகாரமும் கூலியும்

நகருக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் பைபாஸ் ஓரத்தில் வண்டிகள் இரவிலும் விடியற்காலையிலும் மொத்தமாக வந்து குவிகின்றன. உடம்பு ஓய்வு கேட்கும் நேரத்தில்தான் வேலை உச்சத்துக்குப் போகிறது. அக்னி நட்சத்திரத்தில் பகல் முழுதும் காய்ந்த கன்டெய்னர் இரவு ஒன்பது மணிக்குத் திறந்தாலும் உள்ளே உலையாக இருக்கும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. கன்டெய்னருக்குள் தொடர்ந்து எத்தனை நிமிடம் ஒருவர் நிற்கலாம் என்பதையும் எவராவது அறிவிக்க வேண்டும். மின்விசிறியை உள்நோக்கித் திருப்பி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் பெரும்பகுதி தீரும்.

மூட்டைக் கூலி பற்றிப் பாதுகாப்பு நிபுணர்கள் ஒரே குரலில் குறை சொல்வார்கள்: வேகத்துக்குக் கூலி கொடுத்தால் விபத்தை விலைக்கு வாங்குகிறீர்கள் என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் பழைய லோடுமேன் குழுக்களின் ஒரு வழக்கத்தை அவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கும் கூலியை அவர்கள் ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். 300 மூட்டை லாரியை ஆறு பேர் இறக்கினால் கணக்கில் ஆளுக்கு 50 மூட்டை, இரண்டரை டன். ஐம்பது வயதைத் தாண்டியவர் 35 தூக்கியிருப்பார், இளவட்டம் 65. பங்கு ஒன்றுதான். தூக்கிவிடும் வேலையை முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். வேகத்தைக் குழுவே தீர்மானிக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் வேலைச் சுழற்சி என்று நாங்கள் கற்பிப்பது இதுதான்.

புதிய கிடங்கில் இது உடைந்துபோகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு ஸ்கேனர், ஒவ்வொரு நிமிடமும் ஒரு கணக்கு. வேகத்தைத் தீர்மானிக்கும் எண் எங்கிருந்து வருகிறது என்று ஆளுக்குத் தெரியாது. கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் செய்து 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது: இலக்கு எவ்வளவு என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் தர வேண்டும், சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் போக முடியாத அளவுக்கு இலக்கு வைக்கக் கூடாது. நம் நாட்டில், ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் போக மாட்டோம் என்று ஹரியானா மானேசர் கிடங்கொன்றில் தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாக வந்த செய்தியைத் தேசிய மனித உரிமை ஆணையம் 2024 ஜூனில் தானாக முன்வந்து எடுத்து விளக்கம் கேட்டது. கடைகளில் நின்றே வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் நம்முடையது. 'அங்காடித் தெரு' படம் பார்த்து அழுத ஊர். கிடங்கின் இலக்கையும் எழுத்தில் கேட்க நமக்குத் தயக்கம் இருக்கத் தேவையில்லை.

6. வேலிக்கு வெளியே

கடைசியாகச் சட்டம். சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் இறங்குகிறது. அங்கே அதைத் தொடும் தொழிலாளிக்கு 1934-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டம் தொடங்கி நீண்ட பாதுகாப்பு உண்டு. 1986-இல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு, சுகாதாரம், நலனுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, 1990-இல் விதிகள் வந்தன. சங்கிலியைச் சோதிப்பது, கிரேனுக்குச் சான்று பெறுவது, மேற்பார்வைக்கு ஆய்வாளர் என்று எல்லாம் எழுதப்பட்டது. அதே கன்டெய்னர் வேலியைத் தாண்டி, வெளிவட்டச் சாலை பிடித்து, படப்பையில் ஒரு கிடங்கின் மேடைக்கு வருகிறது. பெட்டி அதே பெட்டி, ஃபோர்க்லிஃப்ட் அதே வகை. ஆனால் கிடங்கு துறைமுகமும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. அதைக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கண்ணால் பார்த்தார்கள். வேலை நேரமும் விடுமுறையும் கேட்கும் சட்டம் அது. வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலைகள் சட்டத்தின் வரையறையில் குளிர்பதனக் கிடங்கில் பொருளைச் சேமிப்பது உற்பத்தி வேலையாகவே எண்ணப்பட்டது. மீனைக் குளிரில் வைத்தால் தொழிற்சாலை, அரிசியை வெயிலில் வைத்தால் குடோன். அரிசி மூட்டை அட்டி சரிந்து விழுந்தால் அது மீன் பெட்டியைவிட லேசாக விழாது.

2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் அதற்குள் வரும், ஆக கிடங்கும் வரும். இதை நான் வரவேற்கிறேன். அதே சட்டம் மின்சக்தியோடு இயங்கும் தொழிற்சாலைக்கான வரம்பைப் பத்திலிருந்து இருபதாகவும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பை இருபதிலிருந்து ஐம்பதாகவும் உயர்த்தியது. பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்பது சாதாரணத் தொழிற்சாலைக்கு 500 பேர் இருந்தால்தான். நம் கிடங்கில் சுமைப்பணி செய்பவர்கள் பல ஒப்பந்ததாரர்களின் கீழ் சின்னச் சின்னக் குழுக்களாகச் சிதறிக் கிடக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் வரம்புக்குள் வருவார்கள், பிரித்துப் பார்த்தால் வர மாட்டார்கள்.

அடிபட்ட பிறகு யார் பொறுப்பு என்பதில் பழைய சட்டங்கள் தெளிவாக இருந்தன என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், ஒப்பந்ததாரரின் ஆளுக்கு அடிபட்டாலும் முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம் என்றது. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் சந்தாவை முதலில் அவரையே கட்டச் சொன்னது. குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு நசுங்கிய காலோடு ஒரு பிள்ளை வரும்போது, கூட வருகிறவர் 'ஒப்பந்ததாரருக்கு போன் போட்டிருக்கிறோம்' என்று சொன்னால் அது சட்டப்படி போதுமான பதிலாக இருந்ததே இல்லை. 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் செய்தது, அதன்கீழ் வாரியம் வந்தது. அதற்கு வழிகாட்டியது மாதாடி எனப்படும் மும்பைச் சுமைத்தொழிலாளர்களுக்காக மகாராஷ்டிரம் 1969-இல் செய்த சட்டம். நம் வாரியத்தின் அட்டை உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஆக, நான் கேட்பவை இவை. மாநில விதிகளில் தூக்கும் எடை ஓர் எண்ணாக எழுதப்பட வேண்டும். கிடங்கின் ஆட்களை எண்ணும்போது ஒப்பந்ததாரர் வாரியாகப் பிரிக்காமல் ஒரு கூரையின் கீழ் நிற்கும் எல்லோரையும் சேர்த்து எண்ண வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள், வரைபடம் அனுமதிக்குப் போகும் முன், அதை ஒரு லோடுமேன் மேஸ்திரிக்கும் ஒரு டிரெய்லர் ஓட்டுநருக்கும் விரித்துக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரக் கூலி கொடுத்து உட்கார வையுங்கள். வண்டி எங்கே திரும்பும், தண்ணீர் எங்கே நிற்கும், குட்டியானை எந்தப் பக்கம் ஒதுங்கும், ஆட்கள் தேநீருக்கு எந்த வாசலால் போவார்கள், சாவி மாட்டும் ஆணி எந்தச் சுவரில் என்று அவர்கள் பென்சிலால் குறித்துத் தருவார்கள். அந்தக் குறிப்புகளோடு வரைபடம் பொறியாளரிடம் திரும்பிப் போகட்டும்.